ஒரு செவி போன பின்னர்

விழா மலர்களில் எழுதப் புகுவோர் கல்லூரியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும், மறைந்த அதிபர்களின் மாண்பையும், விளையாட்டு மைதானத்தில் ஈட்டிய வெற்றிகளையும் எடுத்துரைத்தலே மரபு. அம்மரபினை யாம் அறியாதவரல்லேம். எனினும், இம்மலரின் சில பக்கங்களை ஒரு நோயின் பொருட்டு, அதிலும் அந்நோய் நீங்கிய பின்னர் வரும் நெடுங்காலத்தின் பொருட்டு, ஆசிரியர் குழுவினரிடம் கேட்டுப் பெற்றுள்ளோம். கேட்டதற்குக் காரணம் உண்டு. அதனை முதலிற் கூறிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் வழிபாடு முடித்து வெளியே வந்து கொண்டிருந்தோம். கல்லூரியில் எம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற நண்பர் ஒருவர், நெடுநாள் வெளியூரில் வாழ்ந்து திரும்பியவர், எமது இடப்புறத்தே நின்று எம்மைப் பெயர் சொல்லி அழைத்தனர். ஒரு முறையன்று, மூன்று முறை அழைத்தனர். யாம் மறுமொழி கூறவில்லை. அருகே வந்து எமது முகத்தைப் பார்த்தனர். அம்முகத்திற் சிறு புன்னகையும் இல்லை. யாம் நேரே நடந்து வீதியில் இறங்கிவிட்டோம். "பெரிய ஆளாகிவிட்டார்; பழைய நட்பு இனி அவருக்கு வேண்டாம்" என்று அவர் பிறரிடம் கூறி வருந்தியது பின்னரே எமக்குத் தெரியவந்தது. ஏறக்குறைய ஓராண்டு அவர் எம்முடன் பேசவில்லை. யாமும் காரணம் அறியாது அவரைக் குறை கூறிக்கொண்டிருந்தோம்.

உண்மை யாதெனின், எமது இடச் செவி 2014ஆம் ஆண்டிலே நிரந்தரமாக அடைபட்டுவிட்டது. அதே ஆண்டில் எமது முகத்தின் இடப்பாதியும் அசைவிழந்தது; பின்னர் அது ஓரளவே மீண்டது. நண்பர் அழைத்ததும் செவிடான பக்கத்தில். பார்த்ததும் அசையாத பக்கத்தை. ஒரு நல்ல நட்பு முறிவதற்கு இவ்வளவு போதுமாயிற்று.

எம்மைப் பற்றிய நோயை ஆங்கில வைத்தியர்கள் அக்கூஸ்டிக் நியூரோமா என்பர். வெஸ்டிபியூலர் ஷ்வானோமா என்பது இந்நாளில் மிகுதியும் வழங்கும் பெயர். தமிழில் செவி நரம்புக் கட்டி எனலாம். உட்செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் எட்டாவது நரம்பு, ஒலியைக் கொண்டு செல்லும் கிளையும் உடலின் சமநிலையை உணர்த்தும் கிளையும் என இரு பகுதியுடையது. சமநிலைக் கிளையைப் போர்த்திருக்கும் ஷ்வான் கலங்களிலிருந்து இக்கட்டி முளைக்கின்றது. இது புற்றுநோயன்று, பிற உறுப்புகளுக்குப் பரவுவதுமில்லை. பெரும்பாலும் மிக மெதுவாகவே வளர்கின்றது. ஆனால், வளரும் இடமோ மிக ஒடுங்கியது. ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவரிடத்தே இது புதிதாகக் காணப்படுகின்றது என்பது பலகாலமாக வழங்கும் கணக்கு. ஒரு காதில் மாத்திரம் கேள்வி குறைதல், அக்காதிலே ஓயாத இரைச்சல், நடையில் ஒரு தள்ளாட்டம் ஆகியனவே முதற் குறிகள். எமக்குத் தொலைபேசியே நோயைக் காட்டிற்று: வலக்காதில் வைத்தாற் கேட்டது, இடக்காதில் வைத்தால் ஆளின் குரல் கேட்டும் சொல் விளங்கவில்லை. "வயது போகின்றது" என்று எம்மை யாமே சமாதானஞ் செய்து ஈராண்டுகளை வீணாக்கினோம். இதனை வாசிப்போரில் எவர்க்கேனும் ஒரு காதில் மாத்திரம் இவ்வாறு நேர்ந்தால், தாமதியாது வைத்தியரை நாடுவாராக. சிறிய கட்டியாயின் அறுவையின்றிக் காலந்தோறும் படம் எடுத்துக் கவனித்து வருதலும், கதிர்களைக் குவித்துச் செலுத்தி வளர்ச்சியைத் தடுத்தலும் இன்று கைவந்த முறைகளாம்.

நூறாண்டுகளுக்கு முன்னர் இந்நோயாளருட் பலர் சத்திர சிகிச்சை மேசையிலேயோ அதன் பின் சின்னாட்களிலேயோ மாண்டனர். அமெரிக்க வைத்தியர் ஹார்வி குஷிங் 1917ஆம் ஆண்டில் இக்கட்டிகளைப் பற்றித் தனி நூல் எழுதி, உயிரைக் காக்கும் வழியைத் தெளிவாக்கினார். 1960களில் வில்லியம் ஹவுஸ் என்பார் உருப்பெருக்கியின் துணைகொண்டு உட்செவி வழியே கட்டியை அணுகும் முறையை வளர்த்தார். நமது அயலிலும் இக்கலை பிந்தி வந்ததாயினும் விரைந்து வேரூன்றிற்று. வேலூரிலே 1949ஆம் ஆண்டில் டொக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950ஆம் ஆண்டில் டொக்டர் பா. இராமமூர்த்தியும் நரம்பியற் சத்திர சிகிச்சைப் பணியைத் தொடங்கினர். இலங்கையிலும் அப்பத்தாண்டிலேயே டொக்டர் ஷெல்டன் கப்ரால் கொழும்பில் இப்பணிக்கு அடிகோலினார். இன்று கண்டித் தேசிய வைத்தியசாலையிலேயே அத்தகைய சிகிச்சைப் பிரிவு இயங்குகின்றது. நமது மலைநாட்டு மக்களுக்கு இது சிறிய பேறன்று.

ஆகவே, உயிர் பிழைத்தல் இப்போது பெரிய வினாவன்று. பிழைத்தவர் எவ்வாறு வாழ்கின்றார் என்பதே வினா. சத்திர சிகிச்சை வைத்தியருடைய காரியம். அது சில மணிநேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பின் வரும் ஆண்டுகள் வீட்டாரும் நண்பரும் பாடசாலையும் தொழில் தருவோரும் சேர்ந்து செய்யவேண்டிய காரியம். அதனைச் செய்ய நாம் இன்னும் கற்றிலோம் என்பதே எமது முறைப்பாடு.

முதலிற் செவியை எடுத்துக்கொள்வோம். ஒரு செவி போனால் கேள்வியிற் பாதி போயிற்று என்றே பலர் எண்ணுவர். போவது பாதியன்று, திசையும் போய்விடுகின்றது. ஓர் ஒலி இரு செவிகளையும் வந்தடையும் நேரத்திலும் வலிமையிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே அது எங்கிருந்து வருகின்றது என்பதனை மூளை அறிகின்றது. ஒற்றைச் செவியினருக்கு அவ்வளவுகோல் இல்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தருகே வீதியைக் கடக்கும்போது முச்சக்கர வண்டியின் ஒலி எமக்கு நன்றாகவே கேட்கும். எப்பக்கம் விலகுவதென்பது மாத்திரம் தெரியாது. அமைதியான அறையில் ஒருவரோடு உரையாடுதல் எளிது. கலியாண வீட்டிலும், தேநீர்க் கடையிலும், பெரஹரா முழவொலியினிடையிலும் உரையாடுதல் இயலாததொன்று. கேளாத செவியின் பக்கத்து ஒலியைக் கேட்கும் செவிக்கு அனுப்பும் கருவிகள் உண்டு. அவை பயன் தருவன. எனினும் இழந்த திசையை மீட்டுத் தருவனவல்ல. காதிரைச்சலோ, நரம்பு போன பின்னரும் பலர்க்கு நீங்குவதில்லை. மகாவலி வெள்ளம் தூரத்தே இரைவது போன்ற ஓரொலி பதினோராண்டுக்கு மேலாக எம்முடன் உறங்கி எம்முடன் விழிக்கின்றது. அதனோடு போராடுவதை விடுத்து, அதனை வீட்டிலுள்ள பழைய கடிகாரம் போலக் கருதப் பழகிய நாளிலிருந்தே எமக்கு நித்திரை வந்தது.

இரண்டாவது சமநிலை. ஒரு பக்கத்துச் சமநிலை நரம்பு அறுபட்டதும் உலகமே சுழலும். சின்னாட்களில் அச்சுழற்சி அடங்கும். பின்னர், கண்ணையும் பாதத்தையும் எஞ்சிய செவியையும் கொண்டு மூளை நடையைப் புதிதாகக் கற்கத் தொடங்கும். இக்கல்வி படுக்கையிற் கிடந்தால் வாராது; அசைந்தால்தான் வரும். 1940களிலே இலண்டனில் கோதோர்ண், குக்சி என்னும் வைத்தியர் இருவர் இதனைக் கண்டு, தலையையும் கண்ணையும் உடலையும் படிப்படியாக அசைக்கும் பயிற்சிகளை வகுத்தனர். இன்றைய இயன்மருத்துவர் தரும் பயிற்சிகளுக்கும் அவையே அடிப்படை. ஆனால், நமது வீடுகளில் நடப்பதென்ன? "தலையில் வெட்டிய உடம்பு, அசையாமற் படுத்திரு" என்பர் தாயும் மனைவியும். அன்பினாலேயே அவ்வாறு கூறுகின்றனர். அவ்வன்பே நோயாளியின் தேறுதலைப் பின்போடுகின்றது. எமது இல்லத்திலும் முதல் ஒரு மாதம் அவ்வாறே கழிந்தது. பின்னர் இயன்மருத்துவர் ஒருவரின் கண்டிப்பினால் எழுந்தோம். முதல்நாள் முற்றத்திற் பத்தடி. மூன்றாம் மாதம் கண்டி வாவிக் கரையிலே மதிலைப் பிடித்தபடி நூறடி. அவ்வாண்டின் இறுதியில் மதிலைப் பிடியாமலே வாவியை முழுவதும் சுற்றி வந்தோம். அம்மாலையில் எமக்கு உண்டான மகிழ்ச்சி பட்டம் பெற்ற நாளிலும் உண்டாகவில்லை. ஆயினும் இருளில் இன்றும் தடுமாறுகின்றோம். இருளிற் கண்ணின் துணை இல்லையன்றோ! மேடும் பள்ளமும் படிக்கட்டும் நிறைந்த இந்நகரிலே, மழை பெய்த இரவில் விளக்கற்ற படிகளில் இறங்குதல் எம்போன்றோர்க்குக் கயிற்றின்மேல் நடப்பதை ஒக்கும்.

மூன்றாவது முகம். முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பு செவி நரம்புக்கு அணித்தே, ஒரே எலும்புக் குழாயினூடாகச் செல்கின்றது. கட்டி அதனை நாடா போலத் தட்டையாக்கி விடுதலும் உண்டு. எத்துணைக் கவனமாகப் பிரித்தெடுப்பினும் அந்நரம்பு சில வேளை சோர்ந்து போகின்றது. அது மீளத் தளிர்க்கும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். ஆதலின் மாதங்கள் பல காத்திருக்க வேண்டும். முகத்தின் அசைவை ஆறு படிகளாக வகுக்கும் அளவுமுறை ஒன்றை 1985ஆம் ஆண்டில் ஹவுஸ், பிராக்மன் என்போர் ஏற்படுத்தினர். வைத்தியர் அதன்படியே எழுதி வைப்பர். ஆனால், சோறு உண்ணும்போது கடைவாயில் ஒழுகுவதையும், கண்ணிமை மூடாமையால் கருவிழி உலர்ந்து எரிவதையும், இரவில் இமையை ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொண்டு உறங்குவதையும் எவ்வளவுமுறை அளக்கும்? கண்ணே இங்கு முதற் கவலையாக இருத்தல் வேண்டும்; கவனியாதுவிடின் பார்வையும் கெடும். துளிமருந்தும் களிம்பும் இமையில் வைக்கும் சிறு பொன்னெடையும் கண்ணைக் காப்பன. மீளத் தளிர்க்கும் நரம்பு சில வேளை வழி மாறிச் செல்வதும் உண்டு. எமக்கு வாய் சிரித்தால் இடக்கண் தானாகச் சுருங்கும். சிறுவர் அதனைக் கண் சிமிட்டுவதாக எண்ணித் தாமும் சிமிட்டுவர். அது எமக்கு மகிழ்ச்சியே. பெரியோர்தாம் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர், அல்லது "வாதமா? கண்ணூறா? யார் செய்த வினையோ?" என்று இரக்கத்துடன் வினவுகின்றனர். அவ்விரக்கம் எமக்கு வெட்டுக் காயத்தினும் நோவு தந்தது.

நான்காவது களைப்பு. இதனை எவரும் காணார். ஒற்றைச் செவியால் உற்றுக் கேட்பதற்கும், நடையைக் கண்ணால் காத்துக் கொள்வதற்கும் மனம் ஓயாது உழைக்கின்றது. பிற்பகலானதும் அது வெறுமையாகி விடுகின்றது. நான்கு மாதங்களில் யாம் ஆசிரியப் பணிக்குத் திரும்பினோம். தலையிலிருந்த தழும்பை முடி மறைத்துவிட்டமையால், "முழுச் சுகம்" என்றே யாவரும் கொண்டனர். முன்னிருந்த பாட நேரங்கள் அத்தனையும் முதல் வாரத்திலேயே எம்மேல் ஏற்றப்பட்டன. தீய எண்ணத்தினாலன்று, அறியாமையினால். அவ்வாண்டில் எம்மைக் காத்தவர் மாணவர்களே. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், எவரும் கற்பியாமலே, பேசுமுன் கையை உயர்த்தவும், யாம் வலப்புறம் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருக்கவும் தமக்குள் ஒரு விதி செய்துகொண்டனர். அதற்கு ஒரு சதமும் செலவாகவில்லை.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்வோர். முதல் மூன்று கூறுகளிலும் உலகம் வியக்கத்தக்க வண்ணம் முன்னேறிவிட்டது. நான்காம் கூறோ நம் கையில் விடப்பட்டுள்ளது. அமெரிக்காவிலே 1981ஆம் ஆண்டிலேயே இந்நோயுற்றார் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, சிகிச்சைக்கு முன் நிற்போர்க்கு அதனைக் கடந்தோர் வழிகாட்டுமாறு செய்தனர். திரைப்பட நடிகர் மார்க் ரஃபலோ 2001ஆம் ஆண்டளவில் இக்கட்டிக்குச் சிகிச்சை பெற்றார். முகத்தின் இடப்புறம் பல மாதங்கள் அசைவற்றிருந்தது. இடச் செவியின் கேள்வி திரும்பவேயில்லை. முகமே முதலாகக் கொண்ட தொழிலுக்கு மீண்டு வந்து புகழ்பெற்றதோடு, அவர் அதனை ஒளியாது பலரறியக் கூறியும் வருகின்றார். அவர் வாய் திறந்தமையால் எத்தனையோ பேர் தம் தனிமை நீங்கினர். நம்மவரோ நோயை மறைத்தலே குடும்ப மானம் எனக் கருதி வாழ்கின்றோம்.

இலட்சத்தில் ஒருவர்க்கு வரும் நோய்க்கு இத்துணை மை எதற்கு என்று சிலர் வினவக் கூடும். நியாயமான வினாவே. யாம் கூறிய நான்கு இழப்புகளும் இந்நோய்க்கு மாத்திரம் உரியனவல்ல. முகவாதம் கண்டோரும், பக்கவாதத்தில் மீண்டோரும், பிறவியிலேயே ஒரு செவி கேளாத மாணவரும், முதுமையிற் கேள்வி குன்றிய நம் ஆசிரியரும் இவற்றில் ஒன்றையோ இரண்டையோ நாள்தோறும் சுமக்கின்றனர். ஒருவர்க்காகச் செய்வது பலர்க்கும் ஆகும்.

இன்னுமொரு காரணமும் உண்டு. எமக்கு ஆங்கிலம் தெரியும். வாவிக் கரையில் நடக்க ஓய்வும் இருந்தது. வைத்தியசாலையை விட்டு வரும்போது எமக்குத் தந்த குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. யாம் வாசித்துக் கொண்டோம். ஹந்தானையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் வரும் தோட்டத் தொழிலாளி என் செய்வாள்? தமிழில் ஒரு வரி இல்லையேல், கண்ணைக் காக்கும் முறையையும் தலையை அசைக்கும் பயிற்சியையும் அவளுக்கு யார் கூறுவார்? சரிந்த மலையிலே, பனி ஈரத்தில், முதுகிற் கொழுந்துக் கூடையுடன் ஒரு பக்கத்துச் சமநிலையை இழந்தவள் எவ்வாறு நிற்பாள்? அவள் தடுமாறுவதைக் கங்காணி என்னவென்று எண்ணுவார்? அவளுடைய பிள்ளைகளும் நமது கல்லூரி போன்ற பாடசாலைகளிலேயே கற்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆதலின், பழைய மாணவர் சங்கத்தாரிடம் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம். நம்மிடையே வைத்தியரும் இயன்மருத்துவரும் தமிழாசிரியரும் உளர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1962ஆம் ஆண்டு முதல் நமது அயலிலேயே இருக்கின்றது. இவர்கள் கூடித் தலை, செவி, முகம் பற்றிய சத்திர சிகிச்சைக்குப் பின் கைக்கொள்ள வேண்டியவற்றை எளிய தமிழிற் சிறு கைந்நூலாக எழுதித் தருவாராக. இரண்டாவது, கல்லூரியின் படிக்கட்டுகள் யாவற்றுக்கும் கைபிடியும் விளக்கும் அமைப்பாராக; ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு செவி கேளாத பிள்ளை உண்டோ என்று ஆண்டுதோறும் விசாரித்து, கேட்கும் செவி ஆசிரியரை நோக்குமாறு இடம் அளிப்பாராக. மூன்றாவது, நோயுற்ற பழைய மாணவரை வைத்தியசாலையிற் பார்த்துப் பழம் கொடுத்துவிட்டு வருதலோடு நில்லாமல், ஆறு மாதம் கழிந்தும் ஓராண்டு கழிந்தும் அவர் வீட்டுக்குச் செல்லும் வழக்கத்தை ஏற்படுத்துவாராக. முதல் வாரத்தில் வருவோர் பலர். உண்மையில் ஆள் வேண்டப்படுவது அதன் பின்னரே.

கோவில் வாயிலில் மனம் நொந்த நண்பர், வேறொரு பழைய மாணவர் வாயிலாகச் செய்தி அறிந்து, ஒரு ஞாயிறு மாலை எமது இல்லத்துக்கு வந்தனர். வந்தவர் எமது இடப்பக்கத்து நாற்காலியில் அமர்ந்தனர். "ஐயா, இந்தப் பக்கம் வாருங்கள்" என்று வலப்பக்கத்தைக் காட்டினோம். எழுந்து வந்து அமர்ந்தவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றனர். அவர் கூறியது சரியே. எம்மீதும் பிழை உண்டு. மறைத்து வைத்தது யாம். அதனாலேயே இன்று இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

இவ்விழாவுக்கு அந்நண்பரும் யாமும் சேர்ந்தே வருவோம். எம்மைக் காண்போர் எமது வலப்பக்கமாக வந்து பேசுவாராக. யாம் திரும்பிப் பாராவிடின் தோளைத் தொட்டு அழைப்பாராக. எமது முகத்தில் பாதிச் சிரிப்பைக் கண்டால், மறுபாதி உள்ளே இருக்கின்றது என்று கொள்வாராக.